பதினாலுக்கு அடுத்தது முப்பத்தொன்று

செல்வமேரிக்குத் தொண்டை கெட்டு ஆறு வருஷம் ஆகிறது. ஒரேயடியாகக் கெட்டுப்போகவில்லை. முதல் வகுப்பில் சரியாக இருக்கும். இரண்டாவதில் கரகரக்கும். மதியத்துக்கு மேல் வாயைத் திறந்தால் காற்று வரும், கூடவே கொஞ்சம் சத்தமும் வரும். தில்லை நகரில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர், குரல்நாணில் சின்னதாக முடிச்சு விழுந்திருக்கிறது என்று திரையில் படம் காட்டிச் சொன்னார். பேச்சைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். வகுப்பெடுத்துப் பிழைப்பவளிடம் பேச்சைக் குறை என்பது பஸ் டிரைவரிடம் உட்காராதே என்பது மாதிரிதான். அவளும் சரி சரியென்று தலையாட்டினாள். மறுநாள் காலை காட்டூரில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்துப் பக்கம் இருக்கும் கல்லூரிக்குப் போய் மறுபடி பேசினாள்.

பேசுவதற்கு நிறைய இருந்தது. ‘டிஜிட்டல் புத்தாக்கம்’ என்ற பாடத்தை மூன்று வருஷத்துக்கு முன் அவளே எழுதினாள். மற்ற பாடமெல்லாம் மேலிருந்து அச்சாகி வரும். இவள் வாங்கி ஒப்பிப்பாள். பதினேழு வருஷக் கல்லூரி வேலையில் இது ஒன்றுதான் அவள் கையால் ஆனது. முதல் பகுதி, கணினி வந்த கதை. இரண்டாவது, ஒரு பொருளை வடிவமைப்பது எப்படி. மூன்றாவது, புதிதாக வந்திருக்கும் தொழில்நுட்பம். இந்த மூன்றாம் பகுதியை வருஷா வருஷம் மாற்றி எழுத வேண்டியிருந்தது. போன வருஷம் புதிது என்று சொன்னதை இந்த வருஷமும் சொன்னால் கடைசி பெஞ்சு சிரித்தது.

முதல் பகுதிக்கு அவள் புத்தகத்தைத் திறப்பதில்லை. பாதிக்கு மேல் அது அவள் கதைதான். அப்பா திருவெறும்பூர் பக்கம் தொழிற்சாலையில் இருந்தார். அங்கே கழித்துப் போட்ட துளை அட்டைகளைக் கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவார். கெட்டிக் காகிதத்தில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். அந்தக் காலத்தில் கணினிக்குச் செய்தி சொன்னது அப்படித்தான். அம்மா அதன் பின்பக்கம் மளிகைச் சாமான் எழுதுவாள். ஒரு அட்டையில் எண்பது எழுத்துக்குத்தான் இடம். இடம் போதாமல் வருஷத்தின் முதல் இரண்டு எண்ணை விட்டுவிட்டார்கள், எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று. விட்டுப்போன அந்த இரண்டு எண்தான் தொண்ணூற்றொன்பதில் செல்வமேரிக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்தது.

ஸ்ரீரங்கத்தில் தெற்குச் சித்திரை வீதியில் பீமராவ் என்பவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கணினியெல்லாம் குழம்பிவிடும் என்று ஊரே பேசிய நேரம். அவர் ஆறு டைப்ரைட்டரை ஓரம் கட்டிவிட்டு மூன்று கணினி வாங்கிப் போட்டு, கோபோல் என்ற பழைய கணினி மொழியைச் சொல்லித்தர இவளை வைத்தார். வீதிப் பையன்கள் நெற்றியில் திருமண் காய்வதற்குள் வந்து உட்கார்ந்து படித்தார்கள். அந்த வருஷம் தாண்டுவதற்குள் பாதிப் பேர் அமெரிக்காவில் இருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவள் காட்டூரில்தான் இருந்தாள்.

அப்புறம் அந்த நாற்காலிகள் காலியாயின. கணக்கெழுத டாலி வந்தது. விஷுவல் பேசிக் வந்தது, ஜாவா வந்தது, கல்லூரியில் சேர்ந்த பிறகு ஆண்ட்ராய்டு வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் இதோடு சரி, இனி இதுதான் என்றார்கள். ஒவ்வொன்றையும் அவள் பஸ்ஸில் நின்றபடி படித்து, இறங்கிப்போய் நடத்தினாள். இப்போது வந்திருப்பது, என்ன வேண்டும் என்று கேட்டால் தானே எழுதித் தந்துவிடுகிறது. இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

பிப்ரவரியில் ஒருநாள் துறைத் தலைவர் தைரியராஜ் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர். கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்துபோனவர். விஷயத்தைச் சுற்றிவளைக்காமல் சொன்னார்: வெளியூர் கம்பெனி ஒன்று இதே தலைப்பில் முழுப் பாடத்தையும் வீடியோவாகத் தருகிறேன் என்கிறது. நிர்வாகத்துக்கு ஆசை வந்துவிட்டது. பாடத்திட்டக் குழு மார்ச் இரண்டாம் வெள்ளி கூடி முடிவு செய்யும். அன்றைக்கு மாணவர்கள் செய்த பொருள்களையும் பார்வையிடுவார்கள்.

“ஒண்ணே ஒண்ணு ஓடுதுன்னு காட்டுங்க மேடம். எங்கயாவது, யாராவது, நிஜமா யூஸ் பண்றாங்கன்னு. மிச்சத்தை நான் பேசிக்கிறேன்” என்றார்.

பாடம் போனாலும் வேலை போகாது. ஆனால் மறுபடி அச்சாகி வந்ததை ஒப்பிக்கவேண்டும். அந்த நினைப்பே செல்வமேரிக்கு அசதியாக இருந்தது.

வகுப்பில் ஐந்து குழுக்கள். நான்கு குழுக்களைப் பற்றி அவளுக்கு நம்பிக்கையில்லை. சத்திரம் பக்கம் ப்ராஜெக்ட் சென்டர்களில் பொருளும் அறிக்கையும் சேர்த்தே தயாராகக் கிடைக்கும். மூன்று குழுக்கள் கை நீட்டினால் மூடி திறக்கும் குப்பைத்தொட்டி செய்கிறோம் என்று ஒரே வாரத்தில் வந்து சொன்னபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. நான்காவது குழுவின் அறிக்கையில் இருபத்து மூன்றாம் பக்கத்தில் நாமக்கல் கல்லூரி ஒன்றின் பெயர் அழிக்கப்படாமல் இருந்தது.

மிச்சம் யாழினியும் அல்ஃபியாவும். யாழினி வையம்பட்டிக்கு உள்ளே ஒரு கிராமம், விடுதியில் தங்கிப் படிப்பவள். கேட்டால்தான் பேசுவாள். அல்ஃபியா பாலக்கரை, கேட்காவிட்டாலும் பேசுவாள். செல்வமேரி தன் டாக்டரிடம் அனுமதி வாங்கி இருவரையும் தில்லை நகர் கிளினிக்குக்கு அனுப்பினாள். அங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கு டாக்டர் உட்காருவார். காலை ஏழு மணியிலிருந்தே கீழே மருந்துக்கடையில் ஒரு நோட்டில் பெயர் எழுதி டோக்கன் தருவார்கள். எப்போது தன் முறை வரும் என்று தெரியாமல் ஜனம் படிக்கட்டு வரை உட்கார்ந்திருக்கும். இதற்கு ஒரு வழி செய்யுங்கள் என்றாள்.

இரண்டாம் பகுதியில் அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. எதையும் செய்வதற்கு முன்னால் மூன்று சாயங்காலம் சும்மா உட்கார்ந்து பார்க்கவேண்டும். யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. பார்த்ததை அவள் தந்த அட்டவணையில் எழுதவேண்டும்: டோக்கன் எண், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்தார்கள். மூன்று நாளில் பதினோரு இடத்தில் எண் தாறுமாறாகப் போயிருந்தது. ஒன்பதுக்கு அப்புறம் இருபத்தாறு. பன்னிரண்டுக்கு அப்புறம் நாற்பது. அல்ஃபியா அவற்றுக்கு எதிரே ‘பிழை’ என்று எழுதியிருந்தாள். செல்வமேரி அந்தப் பதினோரு வரியையும் சிவப்பு மையால் அடித்து, ‘நீக்கிவிட்டுச் சராசரி எடுக்கவும்’ என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினாள். முதலில் வந்தவர் முதலில் போவார் என்பதுதானே வரிசை. இருபத்தைந்து வருஷமாக அதைத்தான் கரும்பலகையில் வரைந்திருக்கிறாள்.

பொருள் பத்து நாளில் தயாராகிவிட்டது. புரோகிராம் கோடு முழுவதையும் அல்ஃபியா ஏஐயிடம் பேசிப் பேசியே ஒரு மத்தியானத்தில் எழுதி வாங்கினாள். செல்வமேரி வரிவரியாகப் படித்துப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் ஒரு வருஷம் தட்டுத்தடுமாறிக் கற்றதெல்லாம் அதில் சுத்தமாக இருந்தது. கிளினிக்கில் சும்மா கிடந்த டிவியில் இப்போது உள்ளே இருக்கும் எண் பெரிதாகத் தெரியும். ஆட்களை உள்ளே அனுப்புகிற ராக்கம்மாள் ஒரு பொத்தானை அழுத்தினால் எண் நகரும். முறை வருவதற்கு ஐந்து பேர் இருக்கும்போது செல்போனுக்கு அழைப்பு போகும்: “வணக்கம், உங்களுக்கு முன்னாடி இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க.” குரல் அல்ஃபியாவுடையது.

ராக்கம்மாள் அந்தக் கிளினிக்கின் வாசல். டாக்டர் அறைக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல். பதினெட்டு வருஷமாக அதில் இருப்பவள். யார் உள்ளே போவது என்பது அவள் கையசைப்பில் இருக்கிறது. பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதுக்கு பேட்டரி யாரு வாங்குறது என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை குழுக்கூட்டம். புதன்கிழமை சாயங்காலம் சோதனை. செல்வமேரியும் போய் ஓரமாக உட்கார்ந்தாள். ஐந்து மணிக்கு டிவியில் ஒன்று வந்தது. இரண்டு வந்தது. மூன்றாம் எண்ணின்போது அல்ஃபியா எல்லோரையும் டிவிக்குக் கீழே நிற்கவைத்து, இடமும் நேரமும் ஓரத்தில் விழுகிற மாதிரி போட்டோ எடுத்தாள். கல்லூரிக் கோப்புக்கு அப்படித்தான் வேண்டும். எதிர் டீக்கடையில் காத்திருந்து, அழைப்பு வந்ததும் ஏறி வந்தவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ஒரு பாட்டையா போனில் பேசுவது ரெக்கார்டு என்று தெரியாமல், சரிம்மா, இந்தா வந்துட்டேம்மா, நீ சாப்ட்டியா என்று பதில் சொல்லிக்கொண்டே படியேறினார். யாழினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பிள்ளை சிரித்து செல்வமேரி பார்த்தது அன்றைக்குத்தான்.

ராக்கம்மாள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் எண் வரிசை மாறாமல் அனுப்பினாள், டீச்சர் வந்து உட்கார்ந்திருக்கிறாளே என்பதற்காக. ஆறு இருபதுக்கு டிவியில் பதினாலு. அந்த ஆள் வெளியே வந்தார். ராக்கம்மாள் பொத்தானை மடியில் வைத்துவிட்டு, சுவரோரம் மஞ்சள் பையோடு நின்ற ஒருவரைப் பார்த்துக் கையசைத்தாள். ராசப்பன் என்று பெயர். காதில் பஞ்சு வைத்திருந்தார். கையில் டோக்கன் முப்பத்தொன்று.

பதினைந்தாம் எண்காரர் இஸ்திரி கலையாத சட்டையில் இருந்தார். அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் அவருக்கு அழைப்பு வந்து காரிலிருந்து இறங்கி வந்திருந்தார். எழுந்து நின்று, கத்தாமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “இன்னும் அஞ்சு பேர்னு போன்ல சொல்றீங்க, நெக்ஸ்ட் என்னோடதுன்னு போர்டுலயே தெரியுது. அப்ப இவரு யாரு?”

அதற்கு முன்னாலும் அந்த வாசலில் முணுமுணுப்பு இருந்திருக்கும். ஆனால் யார் எத்தனையாவது என்று ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது, தெரியாததால் பொறுத்துக்கொள்வார்கள். இப்போது சுவரில் ஒரு சாட்சி இருந்தது. பதினாறும் பதினேழும் எழுந்தார்கள். உங்க நம்பர் என்ன, காட்டுங்க என்று ஒரு அம்மாள் ராசப்பனிடம் கேட்டாள். அவருக்குச் சரியாகக் காது கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் புரிந்தது. ராக்கம்மாளிடம் நீட்டிய சீட்டைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“நான் இன்னொரு நாளைக்கி வந்துக்கிறேன் ஆயா. பரவால்ல” என்று ராக்கம்மாளிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ராக்கம்மாள் பின்னாலேயே பாதிப் படி வரை போய்க் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை.

மேலே வந்தவள் நேராக டிவியிடம் போய் பிளக்கைப் பிடுங்கினாள். வயரைச் சுருட்டி செல்வமேரியின் மடியில் வைத்தாள்.

“இத்தன வருசத்துல இந்த வாசல்ல யாரும் யாரையும் நம்பரக் காட்டுன்னு கேட்டதில்ல டீச்சர்.”

டாக்டர் இரண்டு நோயாளிக்கு நடுவே வெளியே எட்டிப் பார்த்து, வேண்டாமே டீச்சர், பிள்ளைங்க தப்பா எடுத்துக்க வேணாம் என்றார். அவ்வளவுதான்.

கூட்டம் குறைந்த பிறகு செல்வமேரி ஸ்டூலருகே போனாள். தொண்டை அடைத்திருந்ததால் மெதுவாகத்தான் கேட்க முடிந்தது. ராக்கம்மாளும் மெதுவாகவே சொன்னாள். அந்த ஆளுக்கு ஊர் வையம்பட்டிக்கு உள்ளே. இங்கிருந்து பஞ்சப்பூர் போகவேண்டும், அங்கே திண்டுக்கல் பஸ் பிடிக்கவேண்டும், வையம்பட்டியில் இறங்கினால் எட்டு ஐம்பதுக்குக் கடைசி மினிபஸ். ஆறரைக்கு இந்தப் படியை விட்டு இறங்கவில்லையென்றால் ஏழு கிலோமீட்டர் நடை. அதனால்தான் நடுவில் விடுவது.

“எல்லாரையும் விட்டுர முடியுதான்னு கேக்காதீங்க. வந்து கேக்கறவங்கள விடுவேன். வாயில்லாத சனம் கேக்காது, கடைசி வரைக்கும் உக்காந்தே கெடக்கும். போனதுக்கப்புறந்தான் அய்யய்யோ இவங்க அந்த ஊராச்சேன்னு எனக்குத் தோணும். அதுதான் டீச்சர் எனக்கு ஆகமாட்டேங்குது.”

பஸ்ஸில் காட்டூர் வரைக்கும் செல்வமேரி வயர்ச்சுருளை மடியிலேயே வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை பீரோவிலிருந்து அந்த அட்டவணைத் தாள்களை எடுத்து மேஜைமேல் பரப்பினாள். சிவப்புக் கோடுகள் பதினொன்று. அவள் கையால் அடித்தவை. யாழினியைக் கூப்பிட்டு, வையம்பட்டி மினிபஸ் உனக்குத் தெரியும்தானே என்று கேட்டாள்.

“தெரியும் மேம். அதுல நாலு பேரு எங்க பக்கத்து ஆளுங்கதான். எதுக்கு முன்னாடி போறாங்கன்னு அன்னிக்கே தெரியும்.”

“அப்ப ஏம்மா எழுதல?”

யாழினி தாளைப் பார்த்தாள். “நீங்க குடுத்ததுல அதுக்குக் கட்டம் இல்ல மேம்.”

செல்வமேரி தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அல்ஃபியாதான் தாங்கமாட்டாமல், புரோகிராமை மாற்றிவிடலாம், ஊர்ப்பெயரைக் கொடுத்தால் அதுவே பஸ் நேரம் பார்த்து வரிசை போடும், ஒரு மணி நேரம் போதும் என்று ஆரம்பித்தாள். மினிபஸ் நேரம் எந்த இணையத்திலும் இல்லை என்று யாழினி சொன்னாள். அதோடு டிவியில் எந்த வரிசையைக் காட்டினாலும் பதினைந்தாம் எண்காரர் எழுந்து நிற்பார். கடைசியில் மூன்று பேருமாக மத்தியானம் தில்லை நகர் போனார்கள். மருந்துக்கடையில் இருந்த டோக்கன் நோட்டை வாங்கி, பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தார்கள். ஸ்கேல் இல்லை. செல்வமேரி பையில் புத்தக அடையாளமாக வைத்திருந்த பழைய துளை அட்டையின் விளிம்பை வைத்து இழுத்தாள். மேலே ‘திரும்பிப் போக கடைசி பஸ்’ என்று அல்ஃபியா எழுதினாள். டோக்கன் தரும்போது எல்லோரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், அதை ஒரு வார்த்தை கேட்டு எழுதிவிடவேண்டும். அவ்வளவுதான். நோட்டு சாயங்காலம் ராக்கம்மாளிடம் வரும். வேறு யார் கண்ணிலும் படாது. காலையிலேயே டோக்கன் வாங்கியிருந்தவர்களுக்கு யாழினி போன் செய்து கேட்டு நிரப்பினாள். ராசப்பனுக்கும் போன் செய்து, அடுத்த வாரத்துக்கு அவர் பெயரையும் எழுதி, எதிரே 8.50 என்று போட்டாள்.

திரும்பி வந்ததும் தைரியராஜ் கேட்டார், போட்டோ இருக்கா என்று. இருந்தது. டிவியில் மூன்று, கீழே எல்லோரும் சிரித்துக்கொண்டு.

“இது போதும் மேடம். படத்துல ஓடுதுல்ல. நாளைக்கி ஹால்லயும் ஓட்டிக் காட்டிடுங்க.”

நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிடுங்கினது யாருக்குத் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட வசதியாக இருந்திருக்கும். உங்களுக்காகத்தான் மேடம் சொல்றேன் என்று மட்டும் சொன்னார். அது உண்மை என்பது அவளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை கருத்தரங்கக் கூடத்தில் போன வருஷத்து பேனரே தொங்கியது, தேதிமேல் மட்டும் புதுக் காகிதம் ஒட்டி. குழுவில் ஐந்து பேர்; நடுவே கம்பெனிகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு நிபுணர். வீடியோ கம்பெனி ஆள் ஓரத்தில் மடிக்கணினியோடு இருந்தார். பொன்னாடைகள் முடிந்தன. முதல் குப்பைத்தொட்டி திறந்தது. இரண்டாவதும் திறந்தது. மூன்றாவதை நிபுணர் முழங்கையால் தட்டியபிறகு திறந்தது. எல்லாவற்றுக்கும் கைதட்டினார்கள்.

அல்ஃபியா திரையைப் போட்டாள். நோயாளிகள் இல்லாத கூடத்தில் எண்கள் அழகாக நகர்ந்தன. பதினாலு, பதினைந்து, பதினாறு. நிபுணரின் போனுக்கே அழைப்பு வந்தது; இன்னும் ஐந்து பேர் என்று அல்ஃபியாவின் குரல் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. திரையில் கிளினிக் போட்டோ வந்தது.

“குட். இது இப்ப அங்க ஓடிட்டிருக்கா?”

அல்ஃபியா செல்வமேரியைப் பார்த்தாள். யாழினி தரையைப் பார்த்தாள். தைரியராஜ் தன் பேனாமூடியைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், பேசக்கூட வேண்டாம். டாக்டர் பேச்சைக் குறைக்கச் சொன்ன மாதிரிதான்.

“இல்லைங்க சார்” என்றாள் செல்வமேரி. குரல் பாதியில் உடைந்ததால் கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். “ஒண்ணரை மணி நேரம்கூட ஓடல. பிளக்கைப் பிடுங்கிட்டாங்க. பிடுங்கினது சரிதான். அவங்க நம்பர் மாத்தி அனுப்புனதப் பிள்ளைங்க எழுதிட்டு வந்தாங்க, எதுக்குன்னு கேக்காம நான்தான் பிழைன்னு அடிச்சேன்.”

சிவப்புக்கோட்டுத் தாள்களை மேஜையில் வைத்தாள். யாழினி தன் போனில் நோட்டின் படத்தைக் காட்டி, கட்டத்தைப் பற்றிச் சொன்னாள். நேற்றுச் சாயங்காலம் வாய்திறக்காத ஆட்கள் ஆறு பேர் பஸ்ஸைப் பிடித்தார்கள் என்றாள். நிபுணர் பொறுமையாகக் கேட்டார்.

“திண்டுக்கல்லுக்கு ராத்திரி பூரா பஸ் இருக்கேம்மா?”

“மெயின் ரோட்டுக்கு இருக்குங்க சார். வீடு மெயின் ரோட்ல இல்லைங்க.”

யாரோ லேசாகச் சிரித்தார்கள். நிபுணர் சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம் செல்வமேரியிடம், குத்தலாக இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்கிற மாதிரி கேட்டார்.

“எல்லாம் சரிங்க மேடம். இதுல டெக்னாலஜி எங்க இருக்கு?”

சொல்ல அவளிடம் பதில் இருந்தது. துளை அட்டையிலிருந்து தொடங்கவேண்டும். எண்பது எழுத்துக்கு இடமிருந்ததையும் இரண்டு எண்ணுக்கு இல்லாமல் போனதையும் சொல்லவேண்டும். அதற்கு ஒரு வகுப்பு நேரம் வேண்டும், தொண்டை வேண்டும். “கோடு போட்டிருக்கோம் சார்” என்றாள். அடுத்து கம்பெனி ஆள் எழுந்து வீடியோவைப் போட்டார். இசையோடு ஆரம்பித்தது.

சுற்றறிக்கை இரண்டு வாரம் கழித்து வந்தது. பாடத்தின் பெயர் அதேதான். உள்ளே இருப்பது வீடியோ. செல்வமேரி அதற்கு ‘வழிநடத்துநர்’. ஜூன் மாதத்திலிருந்து அவள் செய்வது, புரொஜெக்டரைப் போடுவது, வருகைப்பதிவு எடுப்பது, மணியடித்தால் நிறுத்துவது. கணினியின் கதை முதல் வாரத்திலேயே முடிந்துவிடுகிறது. துளை அட்டை பன்னிரண்டு நொடி வருகிறது. அந்த நேரத்தில் பையிலிருந்து நிஜ அட்டையை எடுத்துக் காட்டலாமா என்று முதல் தடவை கை போனது. எடுப்பதற்குள் திரையில் வேறு ஏதோ வந்துவிட்டது.

தொண்டை தேறியது. யாரும் எதிர்பார்க்காத அளவுக்குத் தேறியது. ஆகஸ்டில் டாக்டரைப் பார்க்கப் போனாள். காலையிலேயே டோக்கன் வாங்கியிருந்தாள், எண் ஆறு. மருந்துக்கடையில் தலைநிமிராமல் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். காட்டூர் என்றாள். எதிரே ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டார்கள். நோட்டு புதிது. கட்டம் இப்போது அச்சடித்த மாதிரி நேராக இருந்தது.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஐந்தாம் எண் வெளியே வந்தது. செல்வமேரி எழுந்து புடவையைச் சரிசெய்தாள். ராக்கம்மாள் நோட்டில் விரலை ஓட்டிவிட்டு, குழந்தையோடு இருந்த ஒருத்தியைப் பார்த்துக் கையசைத்தாள். அடுத்து ஒரு கிழவர். அடுத்து, யாரிடமும் எதுவும் கேட்காமல் மூலையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள். கூப்பிட்டதும் நம்மளையா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராசப்பன் மார்ச்சிலேயே வந்து காட்டிவிட்டுப் போய்விட்டாராம். இப்போது காது கேட்கிறதாம், அதனால் வீட்டில் சண்டை அதிகமாம். ராக்கம்மாள் நடுநடுவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏழு மணி ஆயிற்று. செல்வமேரிக்கு இடுப்பு வலித்தது. ஸ்டூலருகே போய், அக்கா, என் நம்பர் ஆறு என்றாள்.

ராக்கம்மாள் நோட்டைத் திருப்பி அவளுக்கே காட்டினாள். ஆறுக்கு எதிரே அந்தச் சின்னக் கோடு.

“உங்களுக்கென்ன டீச்சர், காட்டூருக்கு எந்நேரமும் பஸ்ஸு. உக்காருங்க.”

தொண்டை நன்றாகத்தான் இருந்தது. ஏதாவது சொல்லியிருக்கலாம். செல்வமேரி திரும்பிப்போய் உட்கார்ந்தாள். முன்பு டிவி இருந்த சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதில் யாரோ மஞ்சள் பை ஒன்றை மாட்டிவிட்டு உள்ளே போயிருந்தார்கள்.